லாக்ஸ்டன் மேனர் யாருக்குச் சொந்தம்? ஆயிரம் ஆண்டு உரிமை வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், நியூவர்க் ஊருக்கு வடமேற்கே, லாக்ஸ்டன் என்று ஒரு சின்னக் கிராமம். இடைக்காலத்தில் அந்த நாட்டின் பல பகுதிகளில் ஊரே சேர்ந்து பெரிய பொது வயல்களில் துண்டு துண்டாகப் பயிர் வைத்தது. அந்த முறையும், அதைக் கண்காணிக்கும் மேனர் நீதிமன்றமும் சேர்ந்து இன்றுவரை நடப்பது இந்த ஒரு ஊரில்தான். அதனால் ஒரு மேனரின் உரிமை எப்படிக் கைமாறியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு லாக்ஸ்டனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், என்னால் முடிந்த அளவு முழுமையான பதில்களையும் இங்கே தருகிறேன்.

மேனர் என்றால் பெரிய பங்களாதானே?

இல்லை. மேனர் ஹவுஸ் என்பது வீடு. மேனர் என்பது நிலமும் அதன்மேல் உள்ள உரிமைகளும் சேர்ந்த ஒரு கட்டு. பிரபுவின் சொந்தப் பண்ணை நிலம், குடியானவர்கள் உழுத நிலம், மேய்ச்சல் புல்வெளி, காடு, மாவு ஆலை, இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு நீதிமன்றம், எல்லாம் சேர்ந்துதான் மேனர். யார் எப்போது உழ வேண்டும், எத்தனை மாடு மேய்க்கலாம், யார் அடுத்தவன் நிலத்தை அரை அடி தின்றுவிட்டான் என்பதையெல்லாம் அந்த நீதிமன்றம்தான் பேசித் தீர்த்தது.

‘ஜமீன்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ஓரளவு ஒட்டும். ஆனால் ஜமீன் என்றதும் வரி வசூல்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும்; மேனரில் வரியைவிட உழைப்பும் வழக்கமும் பெரிது. அதனால் மேனர் என்றே எழுதுகிறேன்.

அப்படியென்றால் ‘உரிமையாளர்’ என்று யாரைச் சொல்வது?

இந்த வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. இன்று நாம் பட்டா, பத்திரம் என்று பேசும் அர்த்தத்தில் இடைக்கால இங்கிலாந்தில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. 1066-ல் நார்மண்டியின் வில்லியம் படையெடுத்து வென்றபின், எல்லா நிலமும் கடைசியில் மன்னரிடமிருந்து வந்ததாகவே சட்டம் கருதியது. மன்னரிடமிருந்து நேராக நிலம் பெற்றவர் தலைமைக் குத்தகையாளர். அவருக்குப் போர்வீரர்களை அனுப்பும் கடமை உண்டு. அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே இன்னொருவர். கடைசிப் படியில் ஏர் பிடித்தவர்.

ஒரே வயலைக் காட்டி இத்தனை பேரும் ‘இது என்னுடையது’ என்று சொல்லலாம். எல்லாரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அவரவர் சொல்லும் ‘என்னுடையது’ வேறு, அவ்வளவுதான். இடையில் புதுப்புதுப் படிகள் முளைத்துக்கொண்டே போனதால் 1290-ல் முதலாம் எட்வர்ட் ஒரு சட்டம் போட்டார். அதன்பிறகு நிலத்தை விற்பவர் தன் இடத்தில் வாங்குபவரை வைத்துவிட்டு விலக வேண்டும். தனக்குக் கீழே இன்னொரு படியை உண்டாக்கக் கூடாது.

கீழே ‘உரிமையாளர்’ என்று எழுதும்போது மேனர் பிரபுவைச் சொல்கிறேன். ஆனால் அவருக்கு மேலேயும் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்ஸ்டன் பற்றிய முதல் பதிவு எது?

1086-ல் வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே கணக்கெடுப்பு. ஊர் ஊராகப் போய், வெற்றிக்கு முன்னால் இது யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆள், என்ன மதிப்பு என்று கேட்டு எழுதினார்கள். லாக்ஸ்டன் பதிவு சில வரிதான். ஆனால் ஒரு ஊரே அதற்குள் இருக்கிறது.

முன்பு நிலத்தை வைத்திருந்தவர் டோக்கி. பெயரிலேயே ஸ்காண்டிநேவிய வாசனை அடிக்கும். இந்த வட்டாரத்தில் வைகிங்குகள் குடியேறி இரண்டு நூற்றாண்டு ஆகியிருந்தது. 1086-ல் அந்த இடத்தில் ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மன் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஆள் வால்டர் ஊரில் இருந்து பார்த்துக்கொள்கிறார். ஆறு ஏருக்கு நிலம். ஒரு ஏர் என்றால் எட்டு மாடு பூட்டிய கனத்த கலப்பை. பிரபுவுக்கு ஒரு ஏர். 22 குடியானவர்களுக்கும் 7 சிறு குடியானவர்களுக்கும் சேர்த்து ஐந்து ஏர். அப்புறம் ஐந்து அடிமை ஆண்கள், ஒரு அடிமைப் பெண். 40 ஏக்கர் புல்வெளி. மேய்ச்சலுக்குக் காடு. மதிப்பு முன்பு ஒன்பது பவுண்டு, இப்போது ஆறு.

அந்த ‘ஒரு அடிமைப் பெண்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு எப்போதும் கொஞ்ச நேரமாகும். பெயர் இல்லை, வயது இல்லை. கணக்கில் ஒன்று என்று மட்டும் இருக்கிறார்.

டூம்ஸ்டேயில் இந்தக் குடியானவர்களைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘வில்லானுஸ்’. கிராமத்தான் என்று அர்த்தம். பிரபுக்கள் அந்தச் சொல்லைக் கேவலமாகப் பயன்படுத்திப் பயன்படுத்தி, கடைசியில் அதற்குக் கெட்டவன் என்றே பொருளாகிவிட்டது. நம் சினிமா வில்லன் அங்கிருந்து வந்தவர்தான்.

டோக்கி என்ன ஆனார்? நிலத்தை விற்றாரா?

விற்கவில்லை, பறிபோனது. நார்மன் வெற்றிக்குப் பின் நாடு முழுவதும் இதுதான் நடந்தது. டோக்கியிடம் பல ஊர்களில் நிலம் இருந்தது. அந்த மொத்தக் கட்டையும் அப்படியே அல்செலின் கையில் கொடுத்தார்கள். ஆக, லாக்ஸ்டனின் முதல் கைமாற்றமே பறிமுதல்தான். பழைய உரிமையாளர் பட்டியல்களைப் படிக்கும்போது இந்த முதல் வரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடுகிறோம்.

அல்செலினுக்குப் பிறகு?

ஆண் வாரிசு இல்லாமல் பெண் வழியாக மேனர் டி காஸ் குடும்பத்துக்குப் போனது. 12-ம் நூற்றாண்டு முழுக்க இவர்கள் காலம். ஊரின் வடக்கே, மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் கோட்டை இருந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் இத்தகைய மண்மேடுக் கோட்டைகளில் இதுதான் பெரியது. கட்டடம் போய்விட்டது, மேடும் சுற்றியுள்ள அகழியும் புல் மூடி இன்றும் நிற்கின்றன.

ஒரு விவசாயக் கிராமத்துக்கு இவ்வளவு பெரிய கோட்டை எதற்கு? பதில் ஷெர்வுட் காடு. நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் இரண்டிலும் உள்ள அரச காடுகளின் காவலர் பதவி பரம்பரையாக லாக்ஸ்டன் பிரபுக்களிடம் இருந்தது. ராபின் ஹூட் கதைகளில் வரும் அதே ஷெர்வுட்தான். மன்னரின் மான்களைக் காப்பதும், திருட்டு வேட்டையாடியவர்களைப் பிடிப்பதும் இவர்கள் வேலை. அதனால் லாக்ஸ்டன் கைமாறினால் காட்டு அதிகாரமும் கூடவே மாறும். மன்னர்கள் இந்த ஊர்மேல் ஒரு கண் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு மட்டில்டா டி காஸ். இரண்டு முறை மணந்து, இரண்டு கணவர்களையும் இழந்தவர். இரண்டாவது கணவர் 1202-ல் இறந்ததும் ஜான் மன்னர் மேனரையும் காட்டுப் பதவியையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஆட்சியில்தான் லாக்ஸ்டன் ஊர்க்காரர்கள் மன்னரின் கோபத்துக்கு ஆளாகி, ஊரைத் தரைமட்டமாக்காமல் விடுவதற்காக நூறு பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டதாக அரசுக் கணக்குச் சுருளில் பதிவு இருக்கிறது. நூறு பவுண்டு! டூம்ஸ்டேயில் ஊரின் ஆண்டு மதிப்பே ஆறு பவுண்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜான் இறந்தபின், 1217-ல், மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் மட்டில்டாவுக்கு உரிமை திரும்பக் கிடைத்தது. பட்டியல்களில் அவர் பெயர் ஒரு வரிதான் வரும். ஒரு மன்னரிடம் இழந்ததை அடுத்த மன்னரிடம் திரும்பப் பெறும்வரை விடாமல் காத்திருந்தவர் என்பதால், அந்த ஒரு வரி போதாது என்று எனக்குப் படுகிறது.

ஒரு பிரபு இறந்தால் மேனர் வாரிசுக்குத் தானாகப் போய்விடுமா?

போகாது. மன்னரிடமிருந்து நேராக நிலம் பெற்றவர் இறந்தால் முதலில் நிலம் மன்னர் கைக்குப் போகும். எஸ்சீட்டர் என்ற அரசு அதிகாரி வருவார். ஊர்ப் பெரியவர்களை ஜூரியாகச் சத்தியம் வாங்கி உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்பார்: இறந்தவரிடம் என்னென்ன நிலம் இருந்தது? யாரிடமிருந்து, என்ன கடமைக்குப் பெற்றிருந்தார்? வாரிசு யார், வயது என்ன?

வயதுதான் முக்கியம். ஆண் வாரிசுக்கு 21 நிரம்பியிருந்தால் ஒரு தொகை கட்டி நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1215-ன் மாக்னா கார்ட்டா அந்தத் தொகைக்கு வரம்பு கட்டியது. பெரும் பிரபுவின் வாரிசுக்கு நூறு பவுண்டு; நைட் எனப்படும் குதிரைப்படை வீரரின் நிலத்துக்கு நூறு ஷில்லிங், அதாவது ஐந்து பவுண்டு. வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தால் கதை மாறும். பிள்ளை வளரும்வரை நிலத்தின் வருமானம் மன்னருக்கு. பிள்ளையை யாருக்கு மணமுடிப்பது என்ற உரிமையும் அவருக்கே. மன்னர் அந்த உரிமையை ஏலம் விடுவதுபோல் விற்றார். வாங்கியவர் பெரும்பாலும் தன் வீட்டுப் பிள்ளைக்கே அந்த வாரிசைக் கட்டிவைத்தார். மேனர்கள் திருமணம் வழியாகக் கைமாறின என்று புத்தகங்களில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் பல இடங்களில் இந்த வியாபாரம் இருக்கிறது.

விதவைக்கு வாழ்நாள் முழுதும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. அதனால் ஒரு மேனரின் வருமானம் ஒரே சமயத்தில் மகன், தாய், பாட்டி என்று மூன்று தலைமுறைக்குப் பிரிந்து போவதும் நடந்தது.

எவரிங்ஹாம் குடும்பம் எப்படி வந்தது?

மட்டில்டாவின் பேத்தி இசபெல் வழியாக. அவர் ராபர்ட் டி எவரிங்ஹாமை மணந்தார். 1230 வாக்கில் லாக்ஸ்டன் எவரிங்ஹாம்களிடம் வந்தது. மறுபடியும் ஒரு பெண் வழிதான், பாருங்கள்.

அதே பெயர் கொண்ட பின்வந்த ராபர்ட், காட்டுச் சட்டத்தை மீறியதற்காக 1280-களில் காவலர் பதவியைப் பறிகொடுத்தார். மான்களைக் காக்க வேண்டியவர் மேலேயே மான் குற்றம். அதோடு லாக்ஸ்டனுக்கும் ஷெர்வுட் அதிகாரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது; கோட்டையின் முக்கியத்துவமும் குறைந்தது.

இவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஊரின் புனித மிக்கேல் தேவாலயத்துக்குள் போக வேண்டும். 1309-ல் நாடாளுமன்றத்துக்கு அழைக்கப்பட்ட ஆடம் டி எவரிங்ஹாமும் அவருடைய இரண்டு மனைவியரும் அங்கே படுத்த நிலையில் சிலையாக இருக்கிறார்கள். ஆடம் கல்லில், இரண்டாவது மனைவி மார்ஜரி மட்டும் மரத்தில். ஓக் மரத்தில் செதுக்கிய உருவம். நாட்டிங்ஹாம்ஷயரிலேயே இடைக்காலத்து மரச்சிலை இது ஒன்றுதான். முகத்தின் கூர்மை மழுங்கிவிட்டது. மடிப்பு மடிப்பாக விழும் உடையும், நீளவாக்கில் ஓடும் மரத்தின் ரேகையும் ஒன்றோடொன்று கலந்து, எது செதுக்கியது எது மரத்துக்கே உரியது என்று பிரிக்க முடியாமல் இருக்கிறது.

லெக்ஸிங்டன் என்ற பெயருக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஊரின் பழைய பெயர்களில் அதுவும் ஒன்று. மேனர் பிரபுக்களுக்குக் கீழே இதே ஊரில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம் ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. 13-ம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்து ராபர்ட் மன்னரின் நீதிபதியானார். ஹென்றி லிங்கன் நகரின் பிஷப் ஆனார். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல் நடந்த மாசசூசெட்ஸ் லெக்ஸிங்டனுக்கு இங்கிருந்துதான் பெயர் போனது என்று சிலர் சொல்வார்கள். மற்றவர்கள் லெக்ஸிங்டன் பிரபு என்பவரின் பட்டத்தைக் காட்டுவார்கள்.

முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவர் யார்?

எவரிங்ஹாம் ஆண் வழி 14-ம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. பெண் வாரிசுகள் வழியாகச் சுற்றி, மேனர் ரூஸ் குடும்பத்துக்கு வந்தது. இருநூறு ஆண்டுக்குமேல் அவர்களிடம் இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் விற்றுவிட்டார்கள். அதன்பின் சில கைகள் மாறி லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனிடம் வந்து சேர்ந்தது.

கோர்ட்டன் முற்றிலும் வேறு ரகம். ஃபிளாண்டர்ஸிலிருந்து மதத் துன்பத்துக்குத் தப்பி ஓடிவந்த ஒரு தையற்காரரின் மகன். பட்டு, லினன் வியாபாரத்தில் பணம் சேர்த்து, மன்னர்களுக்கே கடன் கொடுத்தவர். பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது இவருடைய முதலீட்டில்தான். 1635-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக ஒரு வணிகக் கூட்டமைப்புக்கு முதலாம் சார்லஸிடம் அனுமதி வாங்கினார்; அதன் கப்பல்கள் கோவாவுக்கும் சீனாவுக்கும் போயின.

கப்பல்காரர் லாக்ஸ்டனுக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போனார். அதே 1635-ல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை வைத்து ஊரை அளந்தார். ஒன்பது தோல்தாள்களில் வரைந்த வரைபடம். வயலின் ஒவ்வொரு கீற்றும், அது யாருடையது என்பதும் அதில் இருக்கிறது; கூடவே விவரப் புத்தகம் ஒன்று. ஓரத்தில் பியர்ஸ் சும்மா இருக்கவில்லை: உழுகிறவர்கள், விதைக்கிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், மானைத் துரத்தும் வேட்டைக்காரர்கள் எல்லாரையும் எறும்பளவு வரைந்து வைத்திருக்கிறார். இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஒரு கிராமத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் பழைய வரைபடங்கள் மிகக் குறைவு.

வரைபடம் வந்த மறு ஆண்டே, 1636-ல், கோர்ட்டன் இறந்தார். மகன் கடனில் சிக்கி, 1640 வாக்கில் மேனரை விற்றார்.

வாங்கிய பியர்பான்ட் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

வாங்கியவர் ராபர்ட் பியர்பான்ட், கிங்ஸ்டன் ஏர்ல். ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம். உள்நாட்டுப் போர் வெடித்தபோது மன்னர் பக்கமா நாடாளுமன்றம் பக்கமா என்று ரொம்ப நாள் முடிவெடுக்காமல் இருந்தார். எந்தப் பக்கம் ஆயுதம் எடுத்தாலும் பீரங்கிக் குண்டு தன்னை இரண்டாகப் பிளக்கட்டும் என்று அவர் சொல்லியிருந்ததாக ஒரு கதை உண்டு. கடைசியில் மன்னர் பக்கம் சேர்ந்தார். 1643 ஜூலையில் கெயின்ஸ்பரோ ஊரில் நாடாளுமன்றப் படையிடம் சிக்கினார். அவரைப் படகில் ஹல் நகருக்குக் கொண்டுபோகும் வழியில், கரையிலிருந்து மன்னர் படையே அந்தப் படகைச் சுட்டது. குண்டு அவர்மேல் பட்டது.

பரம்பரை 1715-ல் டியூக் பட்டம் வரை ஏறியது. முதல் டியூக்கின் மகள்தான் லேடி மேரி வொர்ட்லி மாண்டேகு. துருக்கியிலிருந்து அம்மைக் குத்தும் வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்.

இரண்டாம் டியூக் 1773-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார். சொத்தை வாழ்நாள் முழுக்க மனைவி எலிசபெத் சட்லேவுக்கு எழுதிவைத்தார். அப்போதுதான் பூகம்பம். எலிசபெத் 1744-லேயே வேறொருவரை ரகசியமாக மணந்தவர், டியூக்கோடு நடந்த கல்யாணம் செல்லாது என்று டியூக்கின் மூத்த மருமகன், அதாவது தங்கை மகன், ஈவ்லின் மெடோஸ் வழக்கைக் கிளப்பினார். டியூக் இவரை உயிலிலிருந்து ஒதுக்கியிருந்தார். 1776-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் பிரபுக்கள் சபை விசாரித்தது; ஊரே திரண்டது; இருதார மணம் உறுதியானது. ஆனால் சொத்து போகவில்லை! உயில் அவர் பெயரைச் சொல்லி எழுதப்பட்டிருந்தது, அதனால் மணம் செல்லாவிட்டாலும் உயில் செல்லும். 1788-ல் பாரிஸில் இறக்கும்வரை அனுபவித்தார்.

அதன்பின் சொத்து இரண்டாவது மருமகன் சார்லஸ் மெடோஸுக்கு. அவர் பெயரைப் பியர்பான்ட் என்று மாற்றிக்கொண்டு, 1806-ல் மான்வர்ஸ் ஏர்ல் ஆனார். மூத்தவர் ஈவ்லினுக்கு, இருதார மணம் உறுதியாகியும், சொத்து கிடைக்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி: இந்தச் சார்லஸின் தம்பி ஜெனரல் வில்லியம் மெடோஸ், 1790 முதல் 1792 வரை சென்னையின் கவர்னர். மூன்றாம் மைசூர்ப் போரில் திருச்சியில் படை திரட்டி, கரூர் வழியாகக் கோயம்புத்தூர் வரை வந்து திப்பு சுல்தானோடு மோதியவர் அவரே. அண்ணன் லாக்ஸ்டனில் குத்தகைப் பணம் வாங்கிய அதே ஆண்டுகளில் தம்பி காவிரிக் கரையில் பாளையம் இறக்கியிருந்தார்.

மற்ற ஊர்களில் அழிந்த வயல் முறை இங்கே மட்டும் எப்படிப் பிழைத்தது?

18, 19-ம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் வழியாக ஊர் ஊராக வேலியடைப்பு நடந்தது. பொது வயலைக் கூறுபோட்டு, வேலி கட்டி, ஆளுக்கொரு பண்ணையாக்கினார்கள். பெரிய நிலக்காரர்களுக்கு லாபம். பொது மேய்ச்சலை நம்பி ஒரு மாடு வைத்திருந்தவருக்கு அடி.

லாக்ஸ்டனில் நிலம் ஒரே பிரபுவிடம் இல்லை. பியர்பான்ட் குடும்பத்தோடு ஸ்கார்பரோ ஏர்ல்களுக்கும் கணிசமான பங்கு இருந்தது. இரண்டு பெரிய வீடுகளும் எளிதில் ஒத்துப்போகவில்லை; வேலியடைப்புக்குச் செலவும் அதிகம். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 1870-களுக்குப் பிறகு தானிய விலை விழுந்ததும் யாருக்கும் அதில் காசு போட மனமில்லை. ஊரின் சில பகுதிகள் வேலிக்குள் போனாலும் மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் மூன்றும் தப்பின.

1900-களின் தொடக்கத்தில் கீற்றுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினார்கள், முறை மாறவில்லை. 1930-களில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான ஆர்வின் தம்பதி இதை எழுதியபின்தான் நாடு இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு ஏன் வாங்கியது?

ஆறாம் மான்வர்ஸ் ஏர்லுக்கு ஆண் வாரிசு இல்லை. தனக்குப் பின் வயல்கள் சிதறிவிடக் கூடாது என்று 1952-ல் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். அப்படியாக ஓர் அமைச்சர் லாக்ஸ்டன் மேனரின் பிரபு ஆனார்! மூன்று ஆண்டு கழித்து ஏர்ல் இறந்தார். பட்டமும் அவரோடு முடிந்தது.

1981-ல் அமைச்சகம் கைகழுவியபோது ஊரில் பயம் பிடித்தது. அரச குடும்பத்தின் பெயரில் உள்ள பொதுச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் எடுத்துக்கொண்டது. 2020-ல் அதுவும் விற்றது. வாங்கியது யார் தெரியுமா? பியர்பான்ட் குடும்பத்தின் தோரெஸ்பி எஸ்டேட். 68 ஆண்டு கழித்து அதே குடும்பத்தின் கைக்குத் திரும்பிப் போனது.

பிரபு மாறும்போது விவசாயிகளுக்கு என்ன மாறுகிறது?

குத்தகைப் பணம் யாருக்குப் போகிறது என்பது மாறும். வயலின் சட்டம் மாறாது, ஏனென்றால் அதை நடத்துவது விவசாயிகளே. இதை ஒருமுறை பார்த்தால்தான் புரியும்.

மூன்று வயல்கள், மூன்றாண்டுச் சுழற்சி. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. இடையே கலப்பை போக முடியாத பள்ளங்களிலும் ஓரங்களிலும் புல் வளரும். அதற்கு ‘சைக்’ என்று பெயர். அந்தப் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள்.

நவம்பர் இறுதியில் ஜூரி நாள். ஒரு ஜூரித் தலைவரும் பன்னிரண்டு ஜூரிகளும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிக் கோதுமை வயலுக்குப் போகிறார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சேறு, காற்று. ஒவ்வொரு கீற்றின் முனையிலும் இறங்கி, பழைய முளை எங்கே என்று தேடி, புது மரமுளையைச் சுத்தியலால் அடிக்கிறார்கள். யாராவது பொதுப் பாதையை உழுது தின்றிருந்தால் அங்கேயே குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஊரின் டவ்கோட் சத்திரத்தில் ‘கோர்ட் லீட்’ எனப்படும் மேனர் நீதிமன்றம் கூடும். பிரபுவின் சார்பில் ‘ஸ்டூவர்ட்’ என்ற நிர்வாகி உட்காருவார், ஜூரி குற்றம் சொல்லும், அபராதம் விழும். பிறகு அடுத்த ஆண்டுக்கான ஜூரி சத்தியம் செய்யும்.

1977-ல் நாடாளுமன்றம் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்திலேயே லாக்ஸ்டனின் கோர்ட் லீட்டுக்குப் பெயர் சொல்லி விலக்குக் கொடுத்தார்கள். டோக்கியிலிருந்து தோரெஸ்பி வரை எத்தனையோ பெயர்களை எழுதிவிட்டேன். அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும்விட, முளை அடிக்கும் இந்தப் பதின்மூன்று பேர்தான் மேனரை மேனராக வைத்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

‘மேனர் பிரபு’ பட்டத்தை விலைக்கு வாங்கலாமா?

வாங்கலாம், இங்கிலாந்தில் நிலத்திலிருந்து பிரித்து விற்கிறார்கள். ஆனால் அதனால் யாரும் பிரபு வம்சத்தவர் ஆகிவிட மாட்டார்கள். மேனர் குடியானவர்களின் பழைய நில உரிமை முறை 1926 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஒழிந்தது. கனிமம், வேட்டை போன்ற மிச்ச உரிமைகளும் 2013 அக்டோபருக்குள் நிலப் பதிவகத்தில் பதியாவிட்டால் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பை இழந்தன. பெயருக்காக மட்டும் பெரும் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.

ஒரு மேனரின் உரிமை வரலாற்றைத் தேட எங்கே தொடங்குவது?

டூம்ஸ்டேயில் தொடங்குங்கள். அடுத்து, நான் மேலே சொன்ன எஸ்சீட்டர் விசாரணைப் பதிவுகள். அவை 13-ம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. பிறகு மேனர் நீதிமன்றச் சுருள்கள். எந்த மேனரின் ஆவணம் எங்கே இருக்கிறது என்பதற்குத் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. லாக்ஸ்டனின் மான்வர்ஸ் ஆவணங்கள் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ஒரே பெயரைத் தந்தையும் மகனும் பேரனும் வைத்துக்கொள்வார்கள். ராபர்ட் என்று கண்டதும் நின்று, எந்த ராபர்ட் என்று பாருங்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். டவ்கோட் சத்திரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பார்வையாளர் மையம் இருக்கிறது. தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, வடக்கே வயல் வழியாக நடந்தால் கோட்டை மேடு வரும். அப்புறம் தெற்கு வயலுக்குப் போங்கள். வேலி இருக்காது. பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடும் பயிர்க் கீற்றுகள், நடுவே புல் பாதை. முனையில் குனிந்து பார்த்தால், புல்லுக்குள் ஜூரி அடித்த முளை தெரியும்.